பொறியை மருந்தென்று விற்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். இடமில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் என் அக்கா கதையை வெட்டிவிடுங்கள், வேதியியலை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

போன வருஷம் என் அக்காவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரிந்து ஆபரேஷன் நடந்தது, நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தைப் பார்த்து ஒரு குப்பி வாங்கியிருக்கிறார். 60 கேப்சூல், 2,400 ரூபாய், கூரியரில் வந்தது. உணவிலும் தண்ணீரிலும் இருந்து உடம்பில் சேரும் புற்றுநோய் ரசாயனங்களை, நுண்துளைச் சவ்வு கொண்ட மைக்ரோ கேப்சூல்கள் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும், இது வெளிநாட்டு ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது என்று லேபிலில் போட்டிருந்தது. காலையில் தைராய்டு மாத்திரை, பி.பி. மாத்திரை, அதோடு சேர்த்து இதில் இரண்டு. மூன்று வாரத்தில் தலைசுற்றல், பி.பி. ஏறிக்கொண்டே போனது, டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், அப்போதும் இறங்கவில்லை.

நான் பார்க்கப் போயிருந்தபோதுதான் இந்தக் குப்பி கண்ணில் பட்டது. ஒரு கேப்சூலைப் பிரித்து வெள்ளைத் தட்டில் கொட்டினேன். கன்னங்கரேல் என்று ஒரு பொடி, விரலில் தேய்த்தால் மை மாதிரி ரேகைக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீரில் பேரனின் பேனாவிலிருந்து இரண்டு சொட்டு நீல இங்க் விட்டு, நாலைந்து கேப்சூலைப் பிரித்துக் கொட்டி, கால் மணி நேரம் கலக்கி, நான்காக மடித்த வடிதாளில் ஊற்றினேன். கீழே இறங்கிய தண்ணீரில் நீலமே இல்லை. கிளர்வூட்டிய கரி. மருந்துக்கடையில் சார்கோல் மாத்திரை என்று கேட்டால் இதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொடுப்பார்கள். இங்கைப் பிடித்த அதே கரிதான் அக்காவின் வயிற்றில் தைராய்டு மாத்திரையையும் பி.பி. மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. விஷமோ அளவுக்கு மீறிய மாத்திரையோ விழுங்கிவிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கரியைக் கரைத்துக் கொடுப்பதே இதற்காகத்தானே! டாக்டரிடம் சொல்லி நிறுத்தினோம், இரண்டு வாரத்தில் பி.பி. பழைய நிலைக்கு வந்தது. "வெளிநாட்டு மருந்துன்னாங்க தம்பி, நம்பிட்டேன்" என்றார் அக்கா. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

என் கோபம் வேறு. அந்த லேபிலில் சொல்லியிருக்கும் ஆராய்ச்சி உண்மையிலேயே நடந்தது. நன்றாக யோசித்து, பொறுமையாகச் செய்யப்பட்ட வேலை அது. ஆனால் அது மருந்து கண்டுபிடிக்க நடந்த ஆராய்ச்சி இல்லை. 31 வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் அந்த வேலை எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும், உங்கள் வாசகர்களுக்கும் தெரிந்தால் அடுத்த முறை இப்படி ஒரு விளம்பரம் வரும்போது இரண்டு கேள்வி கேட்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

தொடக்கம் 1957-இல், கனடாவில். மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சாங் என்ற மாணவர், விடுதி அறையில் உட்கார்ந்து செயற்கையாக ஒரு ரத்தச் சிவப்பணு செய்ய முடியுமா என்று முயன்றார். உள்ளே ஹீமோகுளோபின், வெளியே மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வின் துளை வழியாகச் சின்ன மூலக்கூறு போகலாம் வரலாம், உள்ளே இருக்கும் பெரிய புரதம் வெளியே வர முடியாது, வெளியே இருக்கும் பெரியதும் உள்ளே நுழைய முடியாது. நம் பாடப்புத்தகத்தில் ஒரு கூறு புகவிடும் சவ்வு என்று வருமே, அதுதான். வீட்டு ஆர்.ஓ. மெஷினுக்குள் இருப்பதும் டயாலிசிஸ் செய்யும் இயந்திரத்தில் இருப்பதும் இந்த வகைதான். சாங் அதைப் பொடிப்பொடிக் குமிழ்களாகச் சுற்றினார், 1964-இல் சயன்ஸ் இதழில் கட்டுரை எழுதினார், பிற்பாடு இதே முறையில் கரித்துகள்களுக்கு மெல்லிய உறை போட்டு, மருந்தை அளவுக்கு மீறி விழுங்கியவர்களின் ரத்தத்தை அதன் வழியே செலுத்திச் சுத்தம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். கரி நேரடியாக ரத்தத்தில் பட்டால் துகள் உதிரும், தட்டணுக்கள் கெடும். உறை அதைத் தடுத்தது.

அந்த உறையை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு ஒரு வழியை நானே வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். பீக்கரில் கீழே ஒரு நீர்மம், அதன்மேல் அதோடு கலக்காத இன்னொன்று. ஒன்றில் அமீன், மற்றதில் அமிலக் குளோரைடு. இரண்டும் சந்திக்கிற எல்லையில் மட்டும், கண் எதிரிலேயே, காய்ச்சிய பால் மேல் ஆடை படிகிற மாதிரி வெள்ளையாக ஒரு படலம் விழும். நைலான். இடுக்கியால் நடுவில் பிடித்து மேலே இழுத்தால் கயிறாக வந்துகொண்டே இருக்கும், படலத்தை எடுக்க எடுக்க அந்த இடத்தில் புதிது உருவாகும், கண்ணாடித் தண்டில் சுற்றிக்கொண்டே போகலாம். பின் பெஞ்சுப் பையன்கள்கூட எழுந்து வந்து பார்க்கும் ஒரே பரிசோதனை. அந்த எல்லையைத் தட்டையாக வைக்காமல், தண்ணீரை எண்ணெய்க்குள் வேகமாகக் கலக்கித் துளிகளாக்கிவிட்டால், ஒவ்வொரு துளியைச் சுற்றியும் இதே நைலான் தோல் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான், மைக்ரோ கேப்சூல் தயார்.

சரி, புற்றுநோய் இதில் எங்கே வருகிறது என்றால், பிரான்சில் லியோன் நகரத்தில். அங்கே உலக சுகாதார அமைப்பின் கீழ் 1965-இல் தொடங்கிய சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இருக்கிறது. பதப்படுத்திய இறைச்சி, புகையிலை, பாக்கு, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இவையெல்லாம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் சேர்த்து அறிவிக்கும் அமைப்பு அதுதான். அங்கே 1980-களில் இயன் ஓ'நீல் என்பவரின் குழு இந்தக் கேப்சூலைக் கையில் எடுத்தது. அவர்கள் முன்னால் இருந்த கேள்வி எளிமையானது, விடைதான் கஷ்டம். நாம் தின்னும் உணவில் என்ன இருக்கிறது என்று தட்டிலிருந்து எடுத்து அளந்துவிடலாம், ஆனால் வயிற்றுக்குள் போன பிறகு அங்கேயே புதிதாக உருவாகும் நச்சு எவ்வளவு? நைட்ரோசமீன் போன்ற புற்றுநோய் ரசாயனங்கள் உணவிலும் இருக்கின்றன, குடலுக்குள்ளேயும் உருவாகின்றன. (வயிற்றெரிச்சலுக்கு எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த ரானிடிடின் மாத்திரையில் என்.டி.எம்.ஏ. இருக்கிறது என்று 2019-இல் பெரிய செய்தி வந்ததே, அது இந்தக் குடும்பம்தான்.) இப்படிப்பட்ட ரசாயனங்கள் பல உருமாறி, அதிதீவிரமாக வினைபுரியும் நிலைக்கு வந்த பிறகுதான் செல்லைத் தாக்கும், அந்த நிலையில் அவற்றின் ஆயுள் மிகக் குறைவு, பக்கத்தில் எது கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். மலத்தைச் சோதித்தால் அவற்றை அப்படியே காண முடியாது. நடந்தது நடந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

அவர்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. புற்றுநோய் ரசாயனம் தாக்கும்போது எலக்ட்ரான் கவர் பொருளாக இருக்கிறது, அது தேடிப் போவது டி.என்.ஏ.வில் நைட்ரஜன் இருக்கும், எலக்ட்ரான் செறிந்த இடங்களை. இதை அமெரிக்காவில் ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் தம்பதி முன்பே காட்டியிருந்தார்கள். அப்படியானால் டி.என்.ஏ.வைப் போலவே நைட்ரஜன் நிறைந்த வேறொன்றை அதற்கு முன்னால் நீட்டினால்? பாலிஎதிலீன்இமைன் என்ற பாலிமரில் அடிக்கு அடி அமீன் தொகுதிகள். அதை நைலான் உறைக்குள் வைத்தார்கள். கூடவே காந்தத்துக்கு இழுபடும் இரும்பு ஆக்சைடு தூளையும் போட்டார்கள். இப்போது அந்த மாவுத்துகள் எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள்: வாய்க்காலில் வைக்கும் பறி மாதிரி. தண்ணீர் போகும் வரும், சின்ன மீன் உள்ளே நுழையும், நுழைந்தது வெளியே வராது. சின்ன மூலக்கூறுகள் மட்டும் சவ்வைத் தாண்டி உள்ளே போய் அமீனோடு வேதிப்பிணைப்பில் சிக்கும். பாக்டீரியா, செரிமானப் புரதம், சக்கை எதுவும் உள்ளே வர முடியாது, ஆகவே சிக்கியது கெடாமல் இருக்கும். எலிக்கு வாய்வழியாகக் கொடுத்து, மறுநாள் எச்சத்தைக் கரைத்து, பக்கத்தில் காந்தத்தைப் பிடித்தால் கேப்சூல்கள் எல்லாம் ஒரு பக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும். இரும்புத்தூள் எதற்கு என்று இப்போது புரிகிறதா? திரும்ப எடுக்க. எடுத்து, உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று எண்ண.

அந்தக் குழு எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மனிதர் சாப்பிடுகிற மாதிரியே மாட்டிறைச்சி, கொழுப்பு, நார்ச்சத்து இவற்றைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்து, கருகிய இறைச்சியிலும் புகையிலும் இருக்கும் பென்சோபைரீனையும் கொடுத்து, சாப்பாடு மாற மாறக் கேப்சூலில் சிக்குவது எப்படி மாறுகிறது என்று 1990, 1991-இல் வெளியிட்டார்கள். பிறகு 1996-இல் கேம்பிரிட்ஜின் ஷீலா பிங்காமும் இதே குழுவினரும் சேர்ந்து 8 ஆண்களுக்கு ஒரு கட்டத்தில் நாளைக்கு 60 கிராம், இன்னொரு கட்டத்தில் 600 கிராம் இறைச்சி கொடுத்து மலத்தை நேரடியாகச் சோதித்தபோது, அதிக இறைச்சி உண்ட நாட்களில் நைட்ரோசமீன் குடும்பத்து நைட்ரோசோ சேர்மங்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகியிருந்தன. சிவப்பு இறைச்சிக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று இன்று சொல்வதற்குப் பின்னால் இருக்கும் ஆதாரங்களில் இதுவும் ஒன்று.

இதில் எந்த இடத்திலும் மனிதரைக் காப்பாற்ற இதை விழுங்கச் சொல்லவில்லை. அது அளவுகோல். தெர்மாமீட்டரை விழுங்கினால் காய்ச்சல் இறங்காது.

ஏன் மருந்தாகாது என்பதற்கும் வேதியியலே பதில் சொல்கிறது. என்.டி.எம்.ஏ. குடலில் இருக்கும்போது சாதுவானது, குடலின் மேல்பகுதியிலேயே ரத்தத்துக்குள் போய்விடும், கல்லீரலில் நொதிகள் அதை மாற்றிய பிறகுதான் தாக்கும் உருவத்துக்கு வரும். அஃப்ளாடாக்சினும் அப்படித்தான், கல்லீரலில் போய் எபாக்சைடு என்ற தாக்கும் உருவமாக மாறி டி.என்.ஏ.வில் ஒட்டும். தாக்கும் உருவத்தை மட்டும் பிடிக்கிற பொறியைக் குடலில் வைத்துவிட்டு, தாக்குதல் கல்லீரலில் நடந்தால் பொறி என்ன செய்யும்? புகையிலையும் பாக்கும் கன்னத்திலேயே காரியத்தை முடித்துவிடுகின்றன, சிகரெட் புகை நேராக நுரையீரலுக்குப் போகிறது, அங்கெல்லாம் கேப்சூல் எட்டிப்பார்க்கப் போவதில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நான் முழுங்குனது எதைத்தான் புடிச்சுது?" என்று கேட்டார். உன் பி.பி. மாத்திரையை என்று சொல்ல மனசு வராமல்தான் சொன்னேன்.

அதற்காகக் குடலில் வைத்துப் பிடிப்பதே பொய் என்று நான் சொல்லவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அஃப்ளாடாக்சின் விஷயத்தில் இரண்டு உண்மையான முயற்சிகள் உண்டு. பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம் இவற்றில் வரும் நஞ்சு அது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்குமேல் இறந்திருக்கிறார்கள். டெக்சாஸில் திமத்தி பிலிப்ஸ் குழுவினர் ஒருவகைக் களிமண்ணை, அதாவது கால்நடைத் தீவனத்தில் கலக்கும் களிமண்ணைச் சுத்தம் செய்து, கானா நாட்டில் மூன்று மாதம் மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அஃப்ளாடாக்சின் தட்டையான மூலக்கூறு, களிமண்ணின் அடுக்குகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகும் முன்பே. கொடுத்தவர்கள் சிறுநீரில் அந்த நஞ்சின் அளவு குறைந்தது. சீனாவில் ஷாங்காய்க்குப் பக்கத்தில் சிடாங் என்ற ஊரில், கல்லீரல் புற்றுநோய் அதிகமுள்ள இடம், 1997-இல் 180 பேரில் பாதிப் பேருக்குக் இலைப்பச்சையத்திலிருந்து செய்யும் குளோரோஃபிலின் 100 மில்லிகிராம் வேளைக்கொன்றாக மூன்று வேளை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். டி.என்.ஏ. சேதத்தைக் காட்டும் சிறுநீர்க்குறி 55 சதவீதம் குறைந்திருந்தது. வித்தியாசத்தைக் கவனியுங்கள்: எந்த நஞ்சு என்று முதலில் தெரிந்துகொண்டார்கள், அது எங்கே பிடிபடும் என்று பார்த்தார்கள், வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட்டார்கள், சிறுநீரில் அளந்தார்கள். என் அக்காவுக்கு வந்த குப்பியின் லேபிலில் எந்த ரசாயனத்தைப் பிடிக்கும் என்று ஒரு பெயர்கூட இல்லை.

அப்புறம், நான் உண்மையில் கேட்க வந்தது ஒன்று இருக்கிறது. இந்தப் பொறிகளின் நிஜமான பலம் எண்ணுவதில்தான் என்றால் நாம் எதை எண்ணுகிறோம்?

ஜப்பானில் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஹிகோயா ஹயாட்சு என்பவர் 1980-களின் தொடக்கத்தில் கேப்சூலைவிடவும் எளிதான ஒன்றைச் செய்தார். பருத்தித்துணியில் தாமிர தாலோசயனின் என்ற நீலச் சாயத்தை ஏற்றினார். திருப்பூர், ஈரோடு பக்கத்தில் அந்த நீலத்தைத் தெரியாதவர் கிடையாது. மூன்று வளையமோ அதற்குமேலோ உள்ள தட்டையான ரசாயனங்கள் அந்தச் சாயமூலக்கூறோடு அப்பளம் மேல் அப்பளம் அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்ளும். கருகிய உணவில் வரும் பல நச்சுகள் இந்த ரகம். சிறுநீரிலிருந்து, சமைத்த இறைச்சியிலிருந்து, பிறகு நீல ரேயானாக ஆற்றுத் தண்ணீரிலிருந்தும் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒரு பையில் போட்டு ஆற்றில் கட்டித் தொங்கவிட்டு மறுநாள் எடுத்து அலசுவது, அவ்வளவுதான் வேலை. இப்படித்தான் 1990-களில் கியோட்டோவில், சாயப்பட்டறைகளின் கழிவு வந்து சேரும் நிஷிடகாசே ஆற்றில், அதுவரை யாரும் பட்டியலில் வைத்திருக்காத ஒரு பொருளைப் பிடித்தார்கள். பாக்டீரியாவில் சோதித்தால் மரபணுவைக் கடுமையாக மாற்றும் பொருள். எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், துணிக்குப் போடும் அசோ வகைச் சாயம் பட்டறையில் ஹைட்ரோ என்ற ரசாயனத்தால் நிறம் நீக்கப்பட்டு, அந்தக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் போடும்போது புதிதாக உருவானது என்று தெரிந்தது. கழிவைச் சுத்தம் செய்யப் போட்ட குளோரினே அந்த வேலையைப் பார்த்திருக்கிறது! எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்து சோதித்திருந்தால் இது கிடைத்தே இருக்காது.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு நொய்யல் ஞாபகம்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற ஆறு. பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்திலேயே சாயக்கழிவுக் குட்டையானதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தண்ணீரைத் திறந்துவிடாதே என்று விவசாயிகளே போராடினார்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, பிறகு ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆர்.ஓ. வைத்துச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அதற்காக முதலாளிகளும் தொழிலாளிகளும் கொடுத்த விலை பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக உடையக்கூடிய பென்சிடின் வகை, அசோ வகைச் சாயங்கள் 112-ஐ மத்திய அரசு 1990-களிலேயே தடை செய்தது. இதெல்லாம் சரி. ஆனால் இன்றைக்கும் ஆற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் காதில் விழுவது டி.டி.எஸ். எவ்வளவு, சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) எவ்வளவு, நிறம் இருக்கிறதா நுரை இருக்கிறதா என்பதுதான். உப்பு எவ்வளவு என்று டி.டி.எஸ். சொல்லும். மரபணுவை மாற்றும் பொருள் இருக்கிறதா என்று அது சொல்லாது.

நீலப் பருத்தி செய்ய வெளிநாட்டிலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை, சாயம் இங்கே இருக்கிறது, பருத்தி இங்கே இருக்கிறது, சாயமேற்றத் தெரிந்தவர்கள் வீதிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மாவட்டத்துக் கல்லூரிகளில் வேதியியலும் நுண்ணுயிரியலும் படிக்கும் பிள்ளைகள் வருஷாவருஷம் ப்ராஜெக்ட் என்று பழைய தலைப்பையே திருப்பி எழுதுகிறார்கள். மங்கலம், காசிபாளையம், ஒரத்துப்பாளையம், நொய்யல் காவிரியில் சேருகிற இடம், இந்த நாலு இடத்தில் மாதத்துக்கு ஒரு நாள் பையைத் தொங்கவிட்டு, அலசி, பாக்டீரியாச் சோதனைக்கு அனுப்பினால் மூன்று வருஷத்தில் இந்த ஆற்றைப் பற்றி இதுவரை யாரிடமும் இல்லாத கணக்கு கையில் இருக்கும். ஒன்றுமே சிக்கவில்லை என்றால் அதைவிட நல்ல செய்தி இந்த மாவட்டத்துக்கு உண்டா? அதையும் உங்கள் முதல் பக்கத்தில் போடலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை முறையாக எடுத்துச் செய்ய வேண்டும், அதுவரை கல்லூரிகள் தொடங்கலாம். கூப்பிட்டால் நான் வந்து முதல் பையைக் கட்டத் தயார், முட்டி வலி இருந்தாலும் கரையில் இறங்கிவிடுவேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வரும் உடம்பைச் சுத்தம் செய்யும் கேப்சூல் விளம்பரங்களை ஏற்கும் முன், எந்த ரசாயனத்தைப் பிடிக்கும், மனிதர்களுக்குக் கொடுத்து எதில் அளந்தார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை இல்லாத கரி கேப்சூல் எதையும் அச்சிடாதீர்கள். அக்காவின் குப்பியில் இன்னும் 14 கேப்சூல் மீதி இருக்கிறது, லேபிலும் கூரியர் ரசீதும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் யாராவது இதை விசாரித்து எழுத முன்வந்தால் அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் விரிவுரையாளர்,
ஈரோடு மாவட்டம்